ஊர்காவற்றுறைக்குப் போய் வந்த மூக்குப்பேணி

போன சனிக்கிழமை பின்னேரம், வேலணையில் ஒரு கடையில், கையில் பிஸ்கட் பெட்டியோடு நிற்கும்போதுதான் அந்த யோசனை எனக்கு வந்தது.

அந்தப் பெட்டியை உங்களுக்கும் தெரியும். மூடியில் சிவப்பு ரோசாப்பூ. யார் வீட்டுக்குச் சாப்பிடப் போனாலும் நாங்கள் அதைத்தான் கொண்டுபோகிறோம். வாங்கினவர்கள் அதைத் திறக்காமல் வைத்திருந்து, இன்னொரு வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். ஒரே பெட்டிதான் பல வருடமாகத் தீவகத்தைச் சுற்றிவருகிறது என்பது என்னுடைய நீண்டகாலச் சந்தேகம்.

பெட்டியைப் பார்த்தேன். சரித்திரம் படித்துப் பட்டம் வாங்கின ஒருத்தி... சரித்திரமே இல்லாத ஒரு சாமானையா தூக்கிக்கொண்டு போவது? அதுவும் இந்த வீட்டுக்கு?

பெட்டியைத் திரும்பத் தட்டில் வைத்தேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பேசாமல் அதையே வாங்கிக்கொண்டு போயிருக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன்.

இந்தப் பத்தியை வாராவாரம் வாசிக்கிறவர்களுக்கு என் வியாதி புதிதல்ல. பாழடைந்த கிணறு கண்டால் ஸ்கூட்டியை நிறுத்துவேன். சாட்டிக்குப் போனால் எல்லாரும் கடலில் நிற்க, நான் மட்டும் மணலுக்குள் ஓட்டுத்துண்டு பொறுக்கிக்கொண்டு நிற்பேன். எந்தப் பொருளுக்குள்ளும் ஒரு கதை இருக்கும், அதைத் தோண்டி எடுத்தால் எல்லாருக்கும் சந்தோசம் — இதுதான் இவ்வளவு நாளும் என்னுடைய கொள்கை.

சரி, எந்த வீட்டுக்குச் சாப்பாடு? அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

என்னுடைய அண்ணா கஜனும், டிலானி என்ற பெண்ணும் யாழ்ப்பாணத்தில் ஒரே அலுவலகத்தில் வேலை செய்கிறார்கள். காலையில் ஒரே பஸ், பின்னேரம் ஒரே பஸ். பிறகு நடந்ததை நான் விளக்கத் தேவையில்லை. (இரண்டு பெயரும் மாற்றிய பெயர்கள். அண்ணாவிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். “எழுதுறதெண்டா எழுது. ஆனா உன்னை நல்லவளாக் காட்டாத” என்றார்.)

எங்கள் வீடு சுருவிலில். அவர்கள் வீடு ஊர்காவற்றுறையில், கடலோரம். ஒரே தீவு, ஒரே ரோட்டு. நாங்கள் சைவ சமயம், தோட்டம் செய்கிற குடும்பம். அவர்கள் வேதக்காரர் (கத்தோலிக்கர்), கடற்தொழில். டிலானியின் அப்பாவுக்குச் சொந்தமாகப் போட் இருக்கிறது. எங்களுடைய தோட்டத்தைவிட அந்தப் போட் நன்றாகவே உழைக்கும்.

அம்மா வேண்டாம் என்றார். ஏன் என்றால், “சமயம் வேறை.” அது வெளியில் சொல்லக்கூடிய காரணம். சொல்ல முடியாத காரணத்தைக் குரலைத் தணித்து ஒரேயொரு தடவை சொன்னார்: “அவையள் வேறை ஆக்கள்.” எந்த வேறை ஆக்கள்? சாதி என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதில்லை. சொல்லத் தேவையில்லாத அளவுக்கு அது எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது.

அப்பா இல்லை. முடிவு அம்மாவுடையதுதான். பல மாதம் வீட்டில் சண்டை. பிறகு ஒருநாள் அண்ணா சண்டை பிடிப்பதை நிறுத்திவிட்டார். வேலைக்குப் போவார், வருவார், சாப்பிட்ட கோப்பையைக் கழுவி வைப்பார், படுப்பார். சத்தமில்லாத வீடுதான் அம்மாவைப் பயப்படுத்தியிருக்க வேண்டும். போன மாதக் கடைசியில் தானாகவே சொன்னார்: “சரி. அவையள் சாப்பிடக் கூப்பிட்டால் போவம். போய், கலியாண நாளையும் முடிவெடுத்துக்கொண்டு வருவம்.”

அவர்கள் அடுத்த நாளே கூப்பிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை இராச் சாப்பாடு. ஐயர் சொன்ன இரண்டு நல்ல நாளை அம்மா மனதில் வைத்திருந்தார். அதில் எது அவர்களுடைய கோயிலுக்கும் வசதி என்று பார்த்து, அன்றைக்கே கலியாண நாளைக் குறிப்பதாகத்தான் ஏற்பாடு.

இப்போது விளங்குகிறதா, நான் ஏன் பிஸ்கட் பெட்டியைத் திரும்ப வைத்தேன் என்று? இரண்டு வீட்டுக்கும் இடையில் கைமாறப்போகிற முதல் சாமான் அது. அதற்கு ஒரு பொருத்தம் வேண்டாமா?

ஊர்காவற்றுறைக்குச் சரித்திரப் பொருத்தமாக என்ன கொண்டுபோவது? ஒருகாலத்தில் யானை ஏற்றின துறை. யானையைப் பொதி செய்ய முடியாது. கப்பல் கட்டின இடம். அதுவும் ஏலாது. சங்கு? கடற்தொழில் செய்கிறவருக்குச் சங்கு கொண்டுபோவது தோட்டக்காரருக்கு வெங்காயம் கொண்டுபோவது போல. சிநேகிதி ஒருத்தியிடம் வாட்ஸ்அப்பில் கேட்டேன். “ஒல்லாந்தர்ட பீரங்கி ஒண்டு பாரன். மாமியார் வீட்டுக்குத் தேவைப்படும்” என்று பதில் வந்தது.

வீட்டுக்கு வந்து அலுமாரியைத் திறந்தேன். அம்மாவின் சேலைகளுக்கு அடியில், ஒரு பழைய துவாயில் சுற்றி, அது இருந்தது.

மூக்குப்பேணி.

தெரியாதவர்கள் இருந்தால்: பித்தளையில் செய்த குடிக்கிற பேணி. கையடக்கம். ஒரு பக்கத்தில் கிளியின் சொண்டு மாதிரி ஒரு மூக்கு நீட்டிக்கொண்டிருக்கும். அந்த மூக்கால் வாய்க்குள் ஊற்றிக் குடிக்க வேண்டும். இது அப்பப்பாவின், அதாவது அப்பாவுடைய அப்பாவின் பேணி. அடியில் சின்னச் சின்னப் புள்ளிகளாக ‘க. வே.’ என்று அவருடைய பெயரின் முதலெழுத்துகள் வெட்டியிருக்கும். யுத்தத்தில் இடம்பெயர்ந்து ஓடினபோது அம்மா தன் பையில் போட்டுக்கொண்டு போனது. திரும்பி வந்தபோது வீட்டில் கதவில்லை, நிலையில்லை, ஓடில்லை. பேணி மட்டும் இருந்தது.

எனக்குள் ஒரு கதை கடகடவென்று ஓடத் தொடங்கியது. இந்தப் பித்தளை இங்கே வார்த்ததாக இருக்காது. அக்கரையிலிருந்து, இந்தியாவிலிருந்து, பாய்க்கப்பலில் வந்திருக்கும். எந்தத் துறையில் இறங்கியிருக்கும்? ஊர்காவற்றுறையில்! இறக்கினது யார்? டிலானியின் பாட்டன் பூட்டன் யாராவது! ஆக, அவர்களுடைய கையால் கரையேறி எங்கள் வீட்டுக்கு வந்த சாமான், இப்போது ஒரு கலியாணத்தோடு திரும்பி அவர்களுடைய கைக்கே போகிறது...

இதில் ஒரு வரியைக்கூட என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் எவ்வளவு அழகாக இருந்தது. அலுமாரிக்கு முன்னால் நின்று எனக்கு நானே கை கொடுத்துக்கொள்ளாத குறை.

பழப்புளி போட்டுத் தேய்த்தேன். பொன் மாதிரி வந்தது. குசினியில் என்ன செய்கிறாய் என்று அம்மா கேட்டதற்கு, பரிசு எடுத்துவிட்டேன், எங்கள் வீட்டுச் சாமான் ஒன்றுதான், நாளைக்கு அங்கேதான் காட்டுவேன் என்றேன். அம்மாவுக்கு அன்றைக்கு எந்தச் சேலை உடுப்பது என்ற யோசனை. “என்னவோ செய்” என்றார்.

தங்க நிறத் தாளில் சுற்றினேன். ரிபன் கட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை பொழுது பட, ஓட்டோவில் போய் இறங்கினோம். மரியதாஸ் அங்கிளும் றெஜினா அன்ரியும் — டிலானியின் அப்பா, அம்மா — கேற்றடியிலேயே நின்றார்கள். அங்கிள் நல்ல உயரம். வெள்ளைச் சேட்டில் இஸ்திரி மடிப்புக் கலையவில்லை. அம்மாவைப் பார்த்து, “வாங்கோ அக்கா, காத்து ஏறிப்போச்சு, உள்ளுக்க வாங்கோ” என்றார். அன்ரி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அம்மா கையை இழுக்கவில்லை. நான் அதைக் கவனித்தேன். அண்ணாவும் கவனித்தார்.

முன் அறையில் கதிரைகள் எல்லாம் துடைத்து வரிசையாக இருந்தன. மாதா படத்துக்கு முன்னால் விளக்கு. டிலானி வந்து அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தாள். அம்மா அவளிடம் பஸ்ஸில் சனமோ என்று கேட்டார். ஓம் அம்மா, நிண்டுதான் வாறது என்றாள். அதைக் கேட்டு அங்கிள், “இவ நிக்கேக்கை தம்பிக்கு எப்பிடியோ சீற் கிடைச்சிடும் எண்டு கேள்வி” என்று அண்ணாவைப் பார்த்துச் சொன்னார். எல்லாரும் சிரித்தோம். அம்மாவும் சிரித்தார்! அந்த அரைமணித்தியாலத்தை நான் பிறகு பல தடவை நினைத்துப் பார்த்துவிட்டேன். எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

அன்ரி குடிக்க எடுத்துவர உள்ளே போனார். இதுதான் தருணம் என்று எனக்குப் பட்டது. பொதியை எடுத்து அங்கிளின் கையில் கொடுத்தேன்.

அவர் நன்றி சொல்லி மேசையில் வைக்கப் போனார். வந்தவர்களுக்கு முன்னால் பரிசைத் திறப்பது எங்கள் ஊரில் வழக்கமில்லைத்தானே. அந்த ஒரு வழக்கத்தைக் காப்பாற்றியிருந்தாலும் போதும். ஆனால் நான் விடவில்லை. இப்பவே திறக்க வேண்டும், இது சும்மா பரிசு இல்லை, சரித்திரம் என்று நின்றேன்.

அவர் தாளைக் கிழிக்கவில்லை. ஒட்டின இடத்தை நகத்தால் மெல்லக் கிளப்பி, மடிப்பு மடிப்பாக விரித்தார். பேணி வெளியே வந்தது. லைற் வெளிச்சத்தில் மினுங்கியது.

அவர் அதைக் கையில் எடுத்தார். திருப்பி அடியைப் பார்த்தார். “க. வே.” என்று வாசித்தார். யார் என்று கேட்டார். எங்கட அப்பப்பா என்றேன். சொல்லிவிட்டு நிறுத்தினேனா? இல்லை. பாய்க்கப்பல், துறை, பாட்டன், பூட்டன் எல்லாம் ஒரே மூச்சில் வந்தது. யாரும் குறுக்கே பேசாததைக் கவனமாகக் கேட்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன். அதனால் இன்னும் ஒன்று சொன்னேன்.

“இந்த மூக்கு ஏன் வச்சிருக்கெண்டு தெரியுமோ அங்கிள்? வாய் படாமல் குடிக்கிறதுக்கு. ஆர் குடிச்சாலும் எச்சில் படாது. அந்தக் காலத்திலயே எவ்வளவு துப்புரவு, பாருங்கோ.”

“துசி, காணும், நிப்பாட்டு” என்று அண்ணா என்னைத் தடுத்தார்.

அவருடைய முகத்தைப் பார்த்தேன். பிறகு அம்மாவைப் பார்த்தேன். அம்மா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். குசினி வாசலில் அன்ரி தட்டத்தோடு அப்படியே நின்றார். தட்டத்தில் தண்ணீர் நிறைந்த கிளாசுகள். எல்லாம் புதுக் கிளாசுகள். ஒன்றில் கடையின் ஸ்ரிக்கர்கூட உரிக்கப்படாமல் இருந்தது.

அங்கிள் கோபப்படவில்லை. பேணியைக் கையில் வைத்துக்கொண்டே அம்மாவின் பக்கம் திரும்பினார். மிகவும் மரியாதையாகக் கேட்டார்:

“அக்காவுக்கு இதில ஊத்தச் சொல்லட்டோ?”

அது நக்கல் இல்லை. நக்கலாக இருந்திருந்தால் யாராவது சிரித்துச் சமாளித்திருக்கலாம். அவர் உண்மையாகவே கேட்டார். அங்கிள் வீட்டுக் கிளாசில் வாய் வைக்க விருப்பமில்லாத ஒரு மனுசி, தன் பேணியைத் தானே கொண்டுவந்திருக்கிறார். அதை நேரே சொல்லக் கூச்சப்பட்டு, மகளைக் கொண்டு பரிசு என்று சொல்ல வைத்திருக்கிறார். அவருக்கு அப்படித்தான் பட்டிருக்கிறது. வேறு எப்படிப் பட முடியும்?

அம்மா எழும்பினார். “இல்லை இல்லை... இதில தாங்கோ” என்று சொல்லி, நாலு அடி நடந்து, அன்ரியின் தட்டத்திலிருந்து ஒரு கிளாசைத் தானே எடுத்தார். விளிம்பில் வாயை வைத்துக் குடித்தார். கடைசிச் சொட்டுவரை குடித்தார். நாடியில் வழிந்த தண்ணீரைச் சேலைத் தலைப்பால் துடைத்தார்.

குடிக்கத்தான் செய்தார். ஆனால் அப்படி ஒரு கேள்விக்குப் பிறகு குடித்தால், அது தண்ணீர் குடிப்பது இல்லை. பதில் சொல்வது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, பரீட்சை எழுதுவது போல ஒரு மனுசி தண்ணீர் குடிப்பதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன். நான்தான் அந்தப் பரீட்சையை வைத்தேன்.

சாப்பாடு மேசைக்கு வந்தது. இடியப்பம், சொதி, நண்டுக் குழம்பு, கணவாய், இறால். ஒரு பக்கம் தனியாகப் பருப்பும் கத்தரிக்காயும். அன்ரி அதை அம்மாவின் பக்கம் தள்ளி வைத்து, “மரக்கறி எல்லாம் புதுச்சட்டியில காய்ச்சினது அக்கா. மீன், மச்சம் ஒண்டும் படேல்லை” என்றார். அம்மா வெள்ளிக்கிழமை மட்டும்தான் சைவச் சாப்பாடு என்பது அவருக்குத் தெரியாது. தெரியாததால், ஒருவேளைக்கு என்று, புதுச்சட்டி. புதுக் கிளாசு. யோசித்துப் பாருங்கள்... எங்களுக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்று அவர்கள் என்னவெல்லாம் யோசித்திருக்கிறார்கள். நாங்கள் எதை யோசித்தோம்? நான் பாய்க்கப்பலை யோசித்தேன்.

அம்மா பருப்பைத் தொடவில்லை. நண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். இரவில் நண்டு அவருக்கு ஒத்துவராது. இன்னும் ஒருதரம் கேட்டு வாங்கினார். யாரும் தடுக்கவில்லை, யாரும் சிரிக்கவும் இல்லை. காற்றைப் பற்றிக் கதைத்தோம். மண்ணெண்ணெயைப் பற்றிக் கதைத்தோம். ரோட்டுப் போடுகிறார்கள் என்று கதைத்தோம். பஸ் கதை, சீற் கதை ஒன்றும் திரும்ப வரவில்லை.

கை கழுவிவிட்டு வந்து அண்ணாதான் தொடங்கினார். ஐயர் இரண்டு நாள் சொன்னவர் என்றார். அங்கிள் பல் குத்தும் குச்சியைத் தேடுவது போல மேசையைப் பார்த்தார்.

“ஆறுதலாப் பாப்பம் தம்பி. நாள் எங்க ஓடப்போகுது.”

அவ்வளவுதான். எங்கள் ஊரில் ‘ஆறுதலாப் பாப்பம்’ என்றால் இப்போதைக்கு இல்லை என்று அர்த்தம், அதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

வெளிக்கிடும்போது அன்ரி ஒரு பையை அம்மாவின் கையில் கொடுத்தார். மேலே கணவாய்க் கறி ஒரு பிளாஸ்ரிக் பெட்டியில். அடியில் பேணி. அம்மா அதைக் கண்டுவிட்டு அன்ரியைப் பார்த்தார். அன்ரி மெல்லச் சொன்னார்:

“பேர் வெட்டின சாமான் அக்கா. உங்கட வீட்டிலதான் இருக்கவேணும்.”

இதுவும் எங்கள் எல்லாருக்கும் தெரிந்த வழக்கம்தான். கலியாணம், செத்தவீடு என்றால் வீட்டுக்கு வீடு பாத்திரம் இரவல் போகும். எது எந்த வீட்டுச் சாமான் என்று மாறிப்போகாமல் இருக்கத்தான் அடியில் பெயர் வெட்டுவது. பெயர் வெட்டின பாத்திரம் எங்கே போனாலும் சொந்த வீட்டுக்குத் திரும்பிவர வேண்டும். அதாவது, பெயரோடு கொடுக்கிற சாமான் கொடுத்த சாமானே இல்லை. இரவல். அந்த ‘க. வே.’யைச் சரித்திரச் சான்று என்று நினைத்து, பழப்புளி போட்டு, எழுத்து எடுப்பாகத் தெரியும்படி தேய்த்தவள் நான்.

வீட்டுக்கு வந்து பையைப் பிரித்தோம். பேணிக்குள் சீனி இருந்தது. விளிம்புவரை. பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பது அவர்கள் வீட்டிலும் இருக்கிறது. அந்த நிலையிலும் அன்ரி அதை மறக்கவில்லை. எனக்கு அழுகை வந்தது. அண்ணா ஓட்டோவில் முன்னுக்கு ட்ரைவரோடு இருந்துவந்தவர், நேரே அறைக்குள் போய்விட்டார்.

அடுத்த நாள் காலையில் அம்மா அந்தச் சீனியிலேயே தேத்தண்ணி போட்டார். எனக்கும் தந்து, தானும் எடுத்துக்கொண்டு குசினிப் பலகையில் இருந்தார். ஏசப்போகிறார் என்று பார்த்தேன். ஏசவில்லை. பேணியைப் பார்த்துக்கொண்டு கதைத்தார்.

கலியாணம் முடித்து இந்த வீட்டுக்கு வந்த புதிதில், கிழமைக்கு இரண்டு மூன்று தரம் ஒருவர் சைக்கிளில் மீன் கொண்டுவருவாராம். ஊர்காவற்றுறைப் பக்கத்து ஆள். வேலிக்கு வெளியே நின்று மீன் கொடுப்பார். வெயிலில் வந்தவர் தண்ணீர் கேட்பார். வீட்டுக்குள் எத்தனையோ கிண்ணம், செம்பு இருந்தாலும் அவருடைய கையில் ஒன்றும் கொடுப்பதில்லை. அவர் குனிந்து இரண்டு கையையும் சேர்த்து ஏந்த, மேலே உயர்த்தி, இந்தப் பேணியின் மூக்கால் ஊற்றுவார்கள். கை நிறைய நிறையக் குடிப்பார். பாதி நிலத்தில் போகும்.

“அப்பப்பாவோ ஊத்துறவர்?” என்று கேட்டேன்.

“அவர் ஏன் ஊத்துறார்? நான்தான் ஊத்தினனான்” என்றார் அம்மா.

தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்தார். பிறகு, “அந்தாளின்ர பேரை ஒருநாளும் கேக்கேல்லை” என்றார்.

அந்த மனுசர் மரியதாஸ் அங்கிளுக்கு யாரோ, எவரோ, எங்களுக்குத் தெரியாது. யாராகவும் இருக்கலாம். யாராக இருந்தாலும் என்ன? அங்கிள் கையில் பேணியைத் திருப்பிப் பார்த்தபோது அவருக்கு ஏதோ ஒரு வேலியும், யாரோ ஒருவரின் ஏந்தின கையும் தெரிந்திருக்கும். எனக்குப் பாய்க்கப்பல் தெரிந்தது.

நூதனசாலைகளில் இப்படியான பேணியைக் கண்ணாடிக்குள் வைத்து, ‘நீர் அருந்தும் பாத்திரம், பித்தளை’ என்று எழுதியிருப்பார்கள். நானும் படம் எடுத்துப் போட்டிருக்கிறேன். லைக்கும் நிறைய வந்தது. யாருக்கு ஊற்றினார்கள், எவ்வளவு உயரத்தில் இருந்து ஊற்றினார்கள் என்று அந்த அட்டையில் இருக்காது. நான் கேட்டதும் இல்லை. பழப்புளியால் தேய்த்தால் எல்லாம் மினுங்கும். எங்களைப் போன்ற சரித்திரப் பைத்தியங்களுக்கு அந்த மினுக்கமே போதும்.

செவ்வாய்க்கிழமை டிலானியோடு ஃபோனில் கதைத்தேன். அங்கிளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், அது அம்மாவுக்குத் தெரியாமல் நான் செய்த வேலை என்று சொல்ல வேண்டும் என்றேன். சொல்லிவிட்டேன் என்றாள் அவள். நம்பினாரா என்று கேட்டேன்.

“நம்பினவர். அப்பாக்குக் கோவமில்லை துசி. கோவப்பட்டிருந்தால் ரெண்டு நாளில ஆறியிருக்கும். அதுதான் எனக்குப் பயமாக் கிடக்கு.”

பிறகு இன்னொன்றும் சொன்னாள். நாங்கள் போன பிறகு, அந்தப் புதுக் கிளாசுகளை அங்கிள் தன் கையால் கழுவித் துடைத்து, வந்த பெட்டிக்குள்ளேயே திரும்ப அடுக்கி, அலுமாரிக்கு மேலே ஏற்றிவிட்டாராம்.

நாள் இன்னும் குறிக்கவில்லை. ஐயர் சொன்ன இரண்டில் ஒன்று கிட்டத்தான் வருகிறது, அதற்கு இனி ஏலாது. அண்ணா இப்போதும் வேலைக்குப் போகிறார், வருகிறார், கோப்பையைக் கழுவி வைக்கிறார். டிலானி பஸ்ஸில் ஏறுகிறாள். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றுகொண்டு ஒன்றும் கதைக்காமல் வருகிறார்களாம். அண்ணா சொல்லவில்லை, அதே பஸ்ஸில் வருகிற இன்னொருவர் சொன்னார். தீவகத்தில் எல்லாம் இப்படித்தான் தெரியவரும்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. பல மாதமாக எங்கள் வீட்டில் நடந்தது ஒரேயொரு கேள்விதான்: அம்மா அங்கே போய்ச் சாப்பிடுவாரா, மாட்டாரா? சாப்பிடுவேன் என்று அம்மா சொன்னதும் பெரிய மலையைத் தாண்டிவிட்டதாக நானும் அண்ணாவும் நினைத்தோம். மற்றக் கேள்வியை நாங்கள் ஒருவரும் கேட்கவே இல்லை. டிலானி இதுவரை எங்கள் வீட்டுக்குள் வந்ததில்லை. ஒருநாள் மழைக்கு அண்ணாவோடு கேற்றடிவரை வந்து, குடையோடு நின்றுவிட்டுப் போனாள். உள்ளே வா என்று அம்மா சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அவள் அதை எதிர்பார்க்கவும் இல்லை.

ஆகவே பரிசுகளை விட்டுவிட்டேன். இப்போது செய்யப்போவது வேறு. வருகிற ஞாயிற்றுக்கிழமை அவர்கள் மூன்று பேரையும் இங்கே சாப்பிடக் கூப்பிட வேண்டும். எங்கள் குசினியில், எங்களுடைய பழைய சட்டியில் சமைத்து, நாங்கள் தினமும் சாப்பிடுகிற கோப்பையில் போட்டு, அவர்களுக்குப் பக்கத்தில் இருந்து சாப்பிட வேண்டும். அங்கிள் வருவாரா? தெரியாது. வராமலும் விடலாம். அதற்கு அவருக்குக் காரணம் இருக்கிறது.

ஆனால் கூப்பிட முதல் அம்மாவிடம் கேட்க வேண்டும். அங்கே போய் ஒரு கிளாசுத் தண்ணீரைக் கடைசிச் சொட்டுவரை குடித்த அம்மா, இங்கே, தன் வீட்டில், தன் சாப்பாட்டுக் கோப்பையை எடுத்துக் கொடுப்பாரா? அடுப்படியில் நிற்கிறார். இதை முடித்துவிட்டுப் போய்க் கேட்கப் போகிறேன்.

என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாது. எத்தனையோ காலத்துக் கதையெல்லாம் தெரியும், இது தெரியாது.